பத்மநாபபுரத்தின் கறுப்புத் தரை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலை இருக்கிறது. அங்கே இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் பத்மநாபபுரம் அரண்மனை. வெளியே இருந்து பார்த்தால் ஓடு வேய்ந்த பெரிய வீடு மாதிரிதான் தெரியும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே காலை வையுங்கள். உள்ளங்கால் சில்லென்று இருக்கும். குனிந்தால் கறுப்புத் தரையில் உங்கள் நிழல் அசையும். கொட்டாங்கச்சிக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்கிறார்கள். எத்தனை கைகள் எத்தனை நாள் தேய்த்திருந்தால் இந்தப் பளபளப்பு வரும்! ராஜாவின் பெயர் கல்வெட்டில் நிற்கிறது. அந்தக் கைகளின் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு அது மனதை உறுத்துகிறது.

1601 வாக்கில் வேணாட்டை, அதாவது பின்னாளில் திருவிதாங்கூர் ஆன நாட்டை, ஆண்ட இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் எழுந்த அரண்மனை இது. இன்று நாம் பார்க்கிற பெரும்பகுதிக்கு உருவம் கொடுத்தவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை முறியடித்த மன்னர். அங்கே பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பின்னால் மன்னருக்கே தளபதியானார்; பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறையைப் பார்க்கலாம்.

இவ்வளவு வென்றவர் 1750-இல் நாட்டையே ஸ்ரீபத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்துவிட்டு, ‘பத்மநாப தாசன்’ என்ற பெயரில் ஆண்டார். கல்குளம் என்று இருந்த ஊர் பத்மநாபபுரம் ஆனதும் அந்தப் பக்தியால்தான். அதைக் கண்ணால் காண வேண்டுமானால் நான்கு நிலை உப்பரிகை மாளிகைக்குப் போங்கள். கீழே கருவூலம். அதற்கு மேலே மூலிகை மரங்களால் செய்த கட்டில், மன்னர் படுத்தது. உச்சி நிலை பெருமாளுக்கு. சுவர் முழுக்கப் பழைய ஓவியங்கள். மன்னருக்கு அங்கே இடம் இல்லை.

அரண்மனைக்குள் தாய்க் கொட்டாரம் என்ற பகுதியில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணைத் தவறவிடாதீர்கள். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் நிறமுள்ள அபிரக (மைக்கா) தகடுகள் பதித்த சன்னல்கள். கொளுத்துகிற சித்திரை வெயிலிலும் உள்ளே குளுமை. நான் அங்கே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

1795-இல் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956-இல் குமரி மாவட்டம் நம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனையைப் பராமரிப்பது மட்டும் இன்றும் கேரள அரசு.

ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை, நவராத்திரிக்கு முன்பு, உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறும். இரு மாநிலத்து அதிகாரிகளும் நிற்பார்கள். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி அம்மன் யானை மேல் ஏறுவாள். வேளிமலை முருகன் குமாரசாமியும் சுசீந்திரத்து அம்மன் முன்னுதித்த நங்கையும் கூட வருவார்கள். வழிநெடுக விளக்கேற்றி வைத்து, ஊர் ஊராக ஜனங்கள் காத்திருப்பார்கள், திருவனந்தபுரம் வரைக்கும்.

நன்றி, வணக்கம்.