தள்ளும் கூரை, தாங்கும் சுவர்: ரோமனெஸ்க் கட்டடங்களின் உள்கணக்கு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ரோமனெஸ்க் கட்டடப் பாணி என்று சொன்னால் பலரும் விரலால் காற்றில் ஓர் அரைவட்டம் போட்டுக் காட்டுவார்கள். அது சரிதான். ஆனால் அரைவட்ட வளைவு அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே ரோமர்களிடம் இருந்தது. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவில் எழுந்த மடாலயங்களையும் பேராலயங்களையும் புரிந்துகொள்ள வேறொரு கேள்வி வேண்டும். தலைக்கு மேலே கல் கூரை பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதை யார் தாங்குவது? தடித்த சுவர், சிறுத்த சன்னல், உள்ளே இருட்டு எல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறந்த பதில்கள். (பெயர் மட்டும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்கள் வைத்தது. கட்டிய கொத்தனாருக்கு அப்படி ஒரு சொல்லே தெரியாது.)

முதலில் மரக்கூரை. ஜெர்மனியின் ஹில்டஷைமில் 1010இல் தொடங்கி 1033இல் முடித்த புனித மிக்கேல் ஆலயத்துக்குத் தட்டையான மர உட்கூரை. அதன் பாரம் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கும். சுவரில் உயரத்தில் வரிசையாகச் சன்னல் வைக்கலாம், ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை தீ பிடிக்கும்போதுதான். ஒரு மெழுகுவர்த்தி சரிந்தால் போதும், மொத்தக் கூரையும் எரிந்து கூடத்துக்குள் விழும். அதனால் கல்லுக்குப் போனார்கள். கல் கூரையில் துறவிகளின் பாடலும் நின்று முழங்கியது.

கல் கூரையில் எளியது பீப்பாய்க் கூரை. பீப்பாயை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போல இருக்கும். இதன் குணம் என்னவென்றால், சுவரின் நீளம் முழுக்க ஓர் அடி விடாமல் வெளிப்பக்கம் தள்ளும். ஒரு கணக்குச் சொல்கிறேன். அரைவட்ட வளைவு தன் எடையை மட்டும் தாங்கி நிற்கவே, அதன் தடிமன் ஆரத்தில் சுமார் 11 சதவீதம் இருக்க வேண்டும். 6 மீட்டர் அகலம் என்றால் ஆரம் 3 மீட்டர். தடிமன் 32 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நிற்காது. அதுவும் சுவர் அசையாமல் இருந்தால்தான். சுவர் சற்று வெளியே சாய்ந்தாலும் உச்சியில் அடிப்பக்கம் வாய் பிளக்கும், தோள்பட்டையில் மேல்பக்கம் பிளக்கும். விரிசல் எந்த முகத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தே, சுவர் நகர்ந்திருக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அப்படிப்பட்ட சுவரில் பெரிய சன்னல் திறக்கத் துணிவார்களா? பிரான்சில் கான்க், தூலூஸ் ஆலயங்களில் பக்கக்கூடங்களுக்கு மேலே ஒரு மாடி எழுப்பி, அதற்குக் கால்வட்டக் கூரை போட்டு, நடுக்கூடத்துச் சுவருக்குத் தோள் கொடுத்தார்கள். கூரை நின்றது. ஆனால் நடுக்கூடத்துக்கு நேர் வெளிச்சம் போயிற்று. பர்கண்டியின் தூர்னூவில் ஒருவர் வேறு விதமாக யோசித்தார். பீப்பாய்களைக் கூடத்துக்குக் குறுக்காகத் திருப்பி வரிசையாக அடுக்கினார். ஒன்றின் தள்ளலை அடுத்தது ஏற்றுக்கொள்கிறது. பக்கச் சுவரில் தாராளமாகச் சன்னல் வைக்கலாம். என்னைக் கேட்டால் அந்தக் காலத்தின் மிகப் புத்திசாலித்தனமான தீர்வு அதுதான். ஆனாலும் பலர் அதைப் பின்பற்றவில்லை. நடந்து போகும்போது கூரை அலை அலையாகக் குறுக்கிடுகிறது, பலிபீடம் வரை பார்வை ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. அது பிடிக்காமல் போயிருக்கலாம்.

அடுத்தது குறுக்குக் கூரை: இரண்டு பீப்பாய்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது. இப்போது பாரம் நான்கு மூலைகளுக்கு மட்டும் இறங்குகிறது, இடையில் உள்ள சுவர் விடுதலை பெறுகிறது. சிக்கல் வடிவக் கணக்கில். கட்டம் சதுரமாக இருந்தால் பரவாயில்லை. 6 மீட்டருக்கு 4 மீட்டர் என்று இருந்தால் என்ன ஆகும்? 6 மீட்டர் பக்கத்து அரைவட்டம் 3 மீட்டர் உயரும். 4 மீட்டர் பக்கத்தது 2 மீட்டர்தான் உயரும். மூலைவிட்டம் 7.2 மீட்டர், அதை அரைவட்டமாக வளைத்தால் 3.6 மீட்டர். மூன்று வளைவுக்கு மூன்று உச்சி! சிறிய வளைவின் காலை நீட்டி உயர்த்தலாம், பார்க்கப் பொய்க்கால் குதிரை போல இருக்கும். இல்லையென்றால் சதுரக் கட்டமாகவே பிரிக்க வேண்டும். ரைன் நதிக்கரையில் ஷ்பையர் பேராலயத்தில் இரண்டாவதைத்தான் செய்தார்கள். சுமார் 1030இல் தொடங்கி 1061இல் திருநிலைப்படுத்திய அந்த ஆலயத்துக்கு, பேரரசர் நான்காம் ஹென்றி காலத்தில் சுமார் 33 மீட்டர் உயரத்தில் குறுக்குக் கூரை போட்டார்கள். அதற்காக ஒன்றுவிட்டு ஒரு தூணைத் தடிப்பாக்கினார்கள். இன்று உள்ளே தெரியும் தடித்த தூண், மெல்லிய தூண் என்ற தாளம் அப்படி வந்தது.

பிரான்சின் வெஸலே ஆலயத்தில் 1120 தீ விபத்துக்குப் பின் எழுந்த நடுக்கூடம் இதற்கு எதிர்ப்பாடம். மேலே சன்னலும் வைத்தார்கள், குறுக்குக் கூரையும் போட்டார்கள், வெளியே போதிய உதைசுவர் (தள்ளலை எதிர்த்து முட்டுக் கொடுக்கும் சுவர்) வைக்கவில்லை. சுவர்கள் விலகின, குறுக்கு வளைவுகள் அரைவட்டம் குலைந்து தட்டையாயின. 1840இல் அதைப் பழுது பார்க்க வந்த கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக்குக்கு வயது 26. பிரான்சின் க்ளூனி மடாலயத்தின் மூன்றாவது ஆலயமோ 1088இல் தொடங்கியது, கூரை உயரம் சுமார் 30 மீட்டர். 1125இல் அதன் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

இங்கிலாந்தின் டர்ஹாமில்தான் (1093 முதல் 1133 வரை) முடிச்சு அவிழ்கிறது. மூலைவிட்டத்தில் கல் விலா எலும்புகள் ஓட, நடுக்கூடத்தின் குறுக்கே கூர்முனை வளைவு. இரண்டு மையங்களிலிருந்து வரையும் வளைவுக்கு உயரத்தை நாம் தீர்மானிக்கலாம். முன்சொன்ன கணக்கில் 6 மீட்டர் பக்கத்துக்கு 3.66 மீட்டர் ஆரமும், 4 மீட்டர் பக்கத்துக்கு 4.24 மீட்டர் ஆரமும் எடுத்தால் இரண்டும் 3.6 மீட்டரில் வந்து நிற்கும். இந்த இடத்தில் ரோமனெஸ்க் தன் வாரிசான கோதிக்குக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. டர்ஹாமிலும் பலிபீடப் பகுதியின் கூரை விரிசல்விட்டு 13ஆம் நூற்றாண்டில் மாற்றப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுவருக்கு வருவோம். இரண்டு மீட்டர் தடிமன் என்றால் முழுதும் செதுக்கிய கல் என்று நினைக்க வேண்டாம். உள்முகம், வெளிமுகம் இரண்டும் செதுக்கிய கல். நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி நிரப்பியது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். சுவரின் வயிற்றுக்குள் காற்றுப் போகாது. ஆண்டுக்கணக்கில் நடுப்பகுதி இளகியே இருக்கும். முகக்கற்களை உள்ளே கடித்துப் பிடிக்க நீளக்கற்களைக் குறுக்கே போடாவிட்டால் முகம் வயிறு தள்ளிவிடும். சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரித்தாலும் இதே கதை: சாந்து நசுங்கும், வளைவு இறங்கும். இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தில் 1107இல் நடுக்கோபுரம் விழுந்தபோது, கெட்ட பெயரெடுத்த மன்னன் ரூஃபஸை அதன் கீழே புதைத்ததுதான் காரணம் என்றார்கள் மக்கள். கட்டுமானம் சரியில்லை, எப்படியும் விழுந்திருக்கலாம் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஒருவரே எழுதிவைத்தார்.

உள் அலங்காரம் பற்றிப் பெரிய தவறு ஒன்று பரவியிருக்கிறது. ரோமனெஸ்க் என்றால் வெறும் கல் சுவர் என்று நினைக்கிறோம். அன்று சுவரில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது, அதன் மேல் வண்ணம் இருந்தது. பிரான்சின் சேன்-சாவாங் மடாலய ஆலயத்தின் நடுக்கூடத்தில் பீப்பாய்க் கூரை முழுக்க பைபிளின் ஆதியாகம, யாத்திராகமக் காட்சிகள். தூண்களைப் பளிங்கு போலத் தீட்டியிருக்கிறார்கள். கற்களுக்கிடையே பொய்யாகக் கோடு இழுப்பதும் வழக்கம்தான். கல் "இயல்பாக" இருக்கட்டும் என்று பூச்சைச் சுரண்டியவர்கள் பிற்காலச் சீரமைப்பாளர்கள்.

இன்று வீட்டிலோ விடுதியிலோ இந்தப் பாணியைக் கேட்பவர்களுக்குப் பத்து சென்டிமீட்டர் ஜிப்சம் பலகையில் அரைவட்டம் வெட்டிக் கொடுக்கிறார்கள். கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஆழம் தெரிய வேண்டும். சன்னல் வெளியே 30 சென்டிமீட்டர் அகலம் என்றால் உள்ளே 90 வரை சரிவாக விரியட்டும்; வெளிச்சம் அந்தச் சரிவில் பட்டுத்தான் மெத்தென்று உள்ளே வரும். ஆழத்துக்கு இடமில்லை என்றால் வாசலை உள்வாங்கும் இரண்டு மூன்று அடுக்கு வளைவுகளாகச் செய்யலாம், ஒவ்வொரு அடுக்கும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

தூண் தலைக்கு இலை, பூ எதுவும் வேண்டாம். ஹில்டஷைமில் உள்ள கனசதுரத் தலையே போதும், செய்வதும் எளிது. சதுரக் கல்லின் நான்கு முகத்திலும் மேல் விளிம்பை விட்டமாகக் கொண்டு அரைவட்டம் வரையுங்கள். அடியில் தூணின் வட்டத்தை வரையுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையில் மூலையில் மிஞ்சுவதை உருட்டிச் செதுக்கி எடுத்தால், உருண்டைத் தூண் சதுரச் சுவரைத் தாங்கும் தலை தயார்.

பழைய கல் கட்டடத்தில் வேலை செய்பவர்கள் சிமென்ட்டைத் தள்ளிவையுங்கள். சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். சிமென்ட் போட்டு இணைப்பை அடைத்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறும் வழியைக் கல்லில் தேடும். உப்புப் பூத்துக் கல்லின் முகம் ஏடு ஏடாக உதிரும், சிமென்ட் கோடு மட்டும் வரப்பு போல நீட்டிக்கொண்டு நிற்கும்.