பிரீசருக்குள் ஒரு நுவரெலியா

வணக்கம் உறவுகளே. ஹட்டனில் விடிந்ததிலிருந்து மழை. எதிர்வீடுகூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. அதனால் மலைக்குப் போகும் வீடியோ இன்றைக்கு இல்லை, எங்கள் வீட்டு பிரிட்ஜைத்தான் காட்டப்போகிறேன்.

இதோ, கதவைத் திறக்கிறேன். போன மாதம் வாங்கிய சாளை மீன் பை சுவரோடு ஒட்டி, பாதி ஐஸுக்குள் புதைந்து கிடக்கிறது. சுவரில் ஐஸ் அரை சென்டிமீட்டரைத் தாண்டினாலே கரைத்துவிட வேண்டும். இங்கே மூன்று விரல் தடிப்பு! இவ்வளவு ஐஸ் சுவரைப் போர்த்தியிருந்தால் குளிர் உள்ளே சரியாக வராது, மோட்டார் நிற்காமல் ஓடும், கரண்ட் பில் ஏறும்.

கத்தியால் மட்டும் குத்தாதீர்கள். நான் ஒருதடவை குத்தியவன். ‘உஸ்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கேஸ் முழுக்கப் போய்விட்டது. குளிர் ஓடும் குழாய் அந்தத் தகட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அதைவிட, இப்போது வரும் பல பிரிட்ஜ்களில் இருப்பது ஆர்600ஏ, தீப்பற்றும் கேஸ்.

செய்யவேண்டியது இதுதான். பிளக்கைக் கழற்றுங்கள். சாமான்களைப் பேப்பரில் சுற்றி ரெஜிஃபோம் பெட்டியில் அடுக்குங்கள். கீழே பழைய சாரத்தை விரியுங்கள். கொழும்பு வெயிலில் கதவைத் திறந்து வைத்தாலே கரையும், நம்ம குளிரில் அரைநாள் போனாலும் அசையாது. அதனால் ஒரு சட்டியில் சுடுதண்ணீர் வைத்துக் கதவைச் சாத்துங்கள். ஆறினால் மாற்றுங்கள். ஐஸ் பாளம் பாளமாகத் தானே கழன்று விழும். ஹேர் ட்ரையர் வேண்டாம், தண்ணீரும் கரண்டும் ஒன்றாக இருக்கும் இடம். பிறகு அப்பச்சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, ஈரமே இல்லாமல் காயவிடுங்கள்.

சரி, இந்த ஐஸ் எங்கிருந்து வருகிறது? காற்றில் இருக்கும் ஈரம்தான். மே தொடங்கிச் செப்டம்பர் வரை, தென்மேல் பருவமழை நேரத்தில், நம்ம பக்கம் காற்றே நனைந்துதான் இருக்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் அது உள்ளே புகுந்து உறைகிறது. கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் மூடிய பிறகும் புகும். இருபது ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எனக்கு மேல்மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பரில் அழுக்குப் பிடித்திருந்தது, சுடுதண்ணீரில் துடைத்ததும் இறுகிவிட்டது. சூடான கறியை ஆறவிடாமல், மூடாமல் உள்ளே வைக்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? எங்கள் அம்மாவும் இதைப் பார்ப்பார்.

‘நோ ஃப்ரொஸ்ட்’ வகையில் உள்ளே சின்ன ஹீட்டர் இருக்கிறது, தானே கரைத்துக்கொள்ளும். அதிலும் ஐஸ் கட்டினால் ஹீட்டரோ சென்சரோ கெட்டிருக்கலாம், தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கலாம். அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், நுவரெலியா ஆட்களுக்கு ஒன்று. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காலநிலை வகை (climate class) ‘T’ என்று இருந்தால், அந்தப் பெட்டி 16 முதல் 43 பாகை வரையான அறைக்குச் செய்தது. சனவரி இரவில் உங்கள் குசினி அதற்குக் கீழே போய்விடும். கீழ்த்தட்டு குளிர்ந்துவிட்டது என்று மோட்டார் படுத்துவிடும், மேலே ஐஸ்கிரீம் இளகும், பிறகு மறுபடி உறையும். பெட்டியை வீட்டின் கதகதப்பான மூலைக்கு நகர்த்துங்கள்.

ஆ, சத்தம் கேட்டதா? முதல் பாளம் விழுந்துவிட்டது. சாரம் நனைகிறது, போய்ப் பிழிந்துவிட்டு வருகிறேன்.