தட்டுவடை செட்டை மூடி போட்டு அனுப்பாதீங்க!

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீடியோ போடற பிளானே இல்ல. ஏற்காடு காபி ரெண்டாவது பார்ட் எடிட்ல இருக்கு, அது ஞாயித்துக்கிழமை வந்துரும், கமெண்ட்ல திட்டாதீங்க. இது நடுவுல ஒரு கடுப்புல எடுக்கறது. இதைப் பாருங்க, கேமராவுக்குக் கிட்டக் கொண்டு வரேன். தட்டுவடை செட், அதாங்க, ரெண்டு சின்னத் தட்டைக்கு நடுவுல சட்னியும் துருவுன காயும் வெச்சுத் தர்ற நம்ம சேலத்துப் பண்டம். ஆப்ல ஆர்டர் போட்டு வந்தது. எந்தக் கடைன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். இப்ப மேல் வடையைத் தூக்கறேன். பாத்தீங்களா, வளையுது. தட்டுவடை வளையலாமாங்க? ஒடையணும். கீழ் வடையைப் பாருங்க, பீட்ரூட் சாயம் ஏறி ரோஸ் கலர்ல ஊறிக் கெடக்கு.

இதுக்கு பேக்கிங் சார்ஜ் 15 ரூபா. கடையில நின்னு சாப்பிட்டா பிளேட் 40, ஆப்ல அதே பிளேட் 60. அது அவங்க கமிஷன் கணக்கு, அதுக்குள்ள நான் போகல. ஆனா 15 ரூபா பேக்கிங்குக்குத் தனியா. 60ல 15ன்னா நாலுல ஒரு பங்குங்க! பேக்கிங் சார்ஜ் எதுக்குக் குடுக்கறோம்? உள்ள இருக்கறது கெடாம வந்து சேரட்டும்னு. இவங்க என்ன பண்ணிருக்காங்க, செட் போட்டு முடிச்சு, பிளாஸ்டிக் டப்பால அடுக்கி, காத்துப் புகாம மூடிட்டாங்க. அதாவது வடை நமத்துப் போறதுக்கு நான் 15 ரூபா குடுத்திருக்கேன். அதே காசுக்கு ரெண்டு சின்னச் சட்னி பாக்கெட், ஒரு காய் பாக்கெட், வடைக்கு ஒரு பேப்பர் கவர், நாலும் குடுக்கலாம். குடுத்தாலும் மிச்சம் நிக்கும்.

ரூல் தெரியும்ல? பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். தட்டுவடை செட் போட்ட ரெண்டு நிமிஷத்துல வாய்க்குள்ள போயிரணும். இது என் பிடிவாதம்னு நெனைக்கறீங்க, ஆனா காரணம் இருக்கு. வடையில ஈரம் ரொம்ப ரொம்பக் கம்மி, எண்ணெயில போட்டு தண்ணியை முக்கால்வாசிக்கு மேல வெளிய எடுத்துட்டோம். மேல வைக்கற கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி எல்லாத்துலயும் பெரும்பாலும் தண்ணிதான். ரெண்டையும் ஒட்ட வெச்சா தண்ணி வடைக்குள்ள எறங்கும். இதுல உப்பு வேற. காய் மேல உப்பு பட்ட நொடியிலருந்து அது தண்ணி விட ஆரம்பிக்கும். அதனால துருவும்போதே உப்பு கலந்து வைக்கற கடையில நான் செட் சொல்லவே மாட்டேன். உப்பு சட்னியில இருந்தா போதும்.

சரி, கடையில போய் எப்படிச் சொல்றதுன்னு வருவோம். சேலத்துல செவ்வாய்ப்பேட்டையோ, அம்மாப்பேட்டையோ, முதல் அக்ரஹாரமோ, எந்த வண்டியா இருந்தாலும் சரி. மொதல்ல பீட்ரூட் தட்டைப் பாருங்க. ஓரத்துல செவப்புத் தண்ணி தேங்கி நிக்குதா? அப்ப துருவி ரொம்ப நேரமாச்சு. நின்னா மட்டும் செட் சொல்லாதீங்க, நொறுக்கல் சொல்லுங்க. நொறுக்கல்ல வடையை ஒடைச்சு காய், சட்னி எல்லாமே சேத்துப் பிசையறதுதான், கொஞ்சம் ஈரம் இருந்தா அங்க தப்பில்ல. இல்லன்னா, "அக்கா, காயைக் கொஞ்சம் புழிஞ்சு வைங்கக்கா"ன்னு கேளுங்க. மொறைக்க மாட்டாங்க, கையில எடுத்து ஒரு அழுத்து அழுத்துனா முடிஞ்சுது.

ரெண்டாவது, "அண்ணா, மேல் வடைக்கு சட்னி வேண்டாங்ணா." இதுதான் என்னோட முக்கியமான ஆர்டர். நெறைய கடையில ரெண்டு வடைக்கும் தடவுவாங்க, இல்ல மூடுனதுக்கு அப்புறம் மேல ஒரு சொட்டு வெப்பாங்க. வேண்டாம். கீழ் வடையில பச்சைச் சட்னி, அதுக்கு மேல காரச் சட்னி ஒரு தீத்து, காய், மேல காஞ்ச வடை. மேல் வடை காஞ்சு இருந்தாத்தான் அந்த "படக்"குன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தாங்க நாம காசு குடுக்கறோம்.

மூணாவது, பிளேட்டை மொத்தமா போட்டு வாங்காதீங்க. "ரெண்டு ரெண்டா போட்டுக் குடுங்கணா"ன்னு சொல்லுங்க. ஆறு செட்டையும் ஒரே நேரத்துல அடுக்கித் தந்தா, நீங்க ஆறாவதுக்கு வரும்போது அது வேற பண்டம். கூட்டமா இருக்கற நேரத்துல இதைக் கேட்டா அடிக்க வருவாங்க, அதனால சாயங்காலம் கடை போட்ட கொஞ்ச நேரத்துல போயிருங்க. காயும் அப்பத்தான் புதுசு.

ஆங், எலுமிச்சை. சொல்லாம விட்டுட்டேன். எலுமிச்சை எப்பவும் கடைசி, மூடறதுக்கு முன்னாடி காய் மேல ரெண்டு சொட்டு. சட்னிக்குள்ள ஏற்கனவே புழிஞ்சிருந்தா அதுவும் வேண்டாம். மாங்கா சீசன்ல எலுமிச்சையே கேக்காதீங்க, கிளிமூக்கு மாங்காயைத் துருவிப் போடச் சொல்லுங்க. புளிப்பும் வரும், எலுமிச்சைச் சாறு மாதிரி ஒழுகாது. தக்காளி செட்டுன்னு ஒண்ணு இருக்கு, எனக்குப் பிடிக்காது. தக்காளி வில்லையிலருந்து வர்ற தண்ணிக்கு எந்த வடையும் தாங்காது. முட்டை செட் சாப்பிடுவேன், ஆனா அவிச்ச முட்டையை அவங்க நறுக்கற வரைக்கும் பாத்துட்டே நிப்பேன். முன்னாடியே நறுக்கி வெச்சிருந்தா மஞ்சக்கரு காஞ்சு தொண்டையில அடைக்கும்.

சாப்பிடறது ஒரே வாய். பாதி கடிச்சுப் பாதி கையில வெச்சா மீதி சட்டையில. இந்த வடை ரெண்டு அங்குலத்துக்குச் சின்னதா தட்டறதே முழுசா வாய்க்குள்ள போகணும்னுதான். இப்ப சில எடத்துல உள்ளங்கை அகலத்துக்கு "ஜம்போ செட்"னு போடறாங்க. கேமராவுக்கு நல்லா இருக்கும், எனக்கு வேண்டாம்.

இப்ப பார்சலுக்கு வரேன், ஏன்னா "ஊருக்குக் கொண்டு போகணும், என்ன பண்றது"ன்னு நீங்க கேப்பீங்க. தனித்தனியா கட்டச் சொல்லுங்க. வடை ஒரு கவர், பச்சை ஒரு பாக்கெட், செவப்பு ஒரு பாக்கெட், கேரட்-பீட்ரூட் ஒண்ணு, வெங்காயம் தனி. வெங்காயத்தை எதுக்குத் தனியாங்கறேன்னா, அது காயோட கெடந்தா மொத்தமும் அந்த வாடை அடிக்கும், தண்ணியும் விடும். வடை கவரை வெயில்ல நிக்கற கார் டேஷ்போர்டுல வைக்காதீங்க, எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துரும். சட்னி வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், அதுலயும் கோடையில சீக்கிரமே ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். பச்சைத் தண்ணியில அரைச்சு, கொதிக்க வைக்காத பண்டம் அது. மழைக்காலத்துல தெரியாத கடையில நான் பச்சைச் சட்னி தொடவே மாட்டேன், காரச் சட்னி மட்டும் வெச்சுக் குடுக்கச் சொல்லுவேன்.

சேலத்துல இல்லாதவங்க வீட்டுலயே பண்ணிருங்க. கடைப் பாக்கெட் தட்டை வாங்கிப் போடலாம், ஆனா அது பெரும்பாலும் பெருசா, தடிமனா இருக்கும், மென்னா பல்லு வலிக்கும். அளவு சொல்றேன், எழுதிக்கோங்க. பச்சரிசி மாவு ரெண்டு கப்பு. ஊறவெச்சு நெழல்ல காயவெச்சு அரைச்ச மாவா இருந்தா நல்லது, இல்லன்னா இடியாப்ப மாவு. உளுந்து வாசனை வர வறுத்துப் பொடிச்சு சலிச்சது கால் கப்பு. பொட்டுக்கடலை மாவு ரெண்டு ஸ்பூன், பெரிய ஸ்பூன். வெண்ணெய் ரெண்டு பெரிய ஸ்பூன். மிளகாத்தூள் ஒரு சின்ன ஸ்பூன், பெருங்காயம், எள்ளு, கிள்ளுன கருவேப்பிலை, உப்பு. கடலப்பருப்பு ரெண்டு ஸ்பூன், முக்கால் மணி நேரம் ஊறினது. ஊறினதைத் துணியில ஒத்தி எடுத்துப் போடுங்க, ஈரத்தோட போட்டா எண்ணெய் தெறிக்கும். ஊறாமப் போட்டா பல்லுல கல்லு.

வெண்ணெயை மாவுல தேய்ச்சுப் பிசறுங்க, ஒரு பிடி புடிச்சா நிக்கணும். அதுக்கப்புறம் தண்ணி, தெளிச்சுத் தெளிச்சு. வெண்ணெய் கூடிப்போனா எண்ணெயில போட்ட உடனே கரைஞ்சு பிரியும், கம்மியாப் போனா ஓடு மாதிரி. மாவு மொத்தத்தையும் ஒரே தடவை பிசையாதீங்க, பாதிப் பாதியா. பிசைஞ்ச மாவு ரொம்ப நேரம் கெடந்தா எண்ணெய் குடிக்கும், நெறமும் செவந்துரும்.

நெல்லிக்கா அளவு உருண்டை, எண்ணெய் தடவுன கவர்ல வெச்சு டம்ளர் அடியால ஒரு அழுத்து. ஓரமும் நடுவும் ஒரே கனமா வரணும். நடு கனமா இருந்தா அங்க வேகாது, ஆறுனதும் மெத்துன்னு ஆயிரும். அப்புறம் முள் கரண்டியால அஞ்சாறு எடத்துல குத்துங்க. இதை விட்டுட்டுத்தான் நெறையப் பேரு "பூரி மாதிரி உப்புது"ங்கறாங்க. உள்ள மாட்டுன ஆவிக்கு வெளிய போக வழி வேணும்ல? உப்புன வடையில செட் போட முடியாது, காய் உருண்டு ஓடும்.

எண்ணெய் மிதமான சூடு. தீ கூடுனா வெளிய செவந்து உள்ள ஈரம் நின்னுரும், அது மறுநாளே நமத்துப் போகும். எப்ப எடுக்கறதுன்னா கண்ணால பாக்கறதைவிடக் காதால கேளுங்க. போட்டதும் சலசலன்னு நொரை கட்டும், ஈரம் போகப் போக நொரை அடங்கும், சத்தமும் அடங்கும். அடங்குனா எடுத்துருங்க. முழுசா ஆறுன பிறகுதான் டப்பா. கதகதன்னு இருக்கும்போது மூடுனா, அந்த 15 ரூபா டப்பா கதைதான்.

சட்னி. பச்சைக்குக் கொத்தமல்லி மூணு பங்கு, புதினா ஒரு பங்கு. புதினா கூடுனா கசக்கும், புதினாத் தண்டையும் போடாதீங்க. பச்சை மிளகா நாலு, இஞ்சி ஒரு துண்டு, உப்பு, அரை மூடி எலுமிச்சை, ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை. பொட்டுக்கடலைதான் சட்னியை ஒழுக விடாமப் புடிச்சு வைக்கும். மிக்ஸி சூட்டுல நெறம் கருக்கும், ரெண்டு ஐஸ் கட்டி போட்டு விட்டு விட்டு அடிங்க. தேங்காய் போடாதீங்க. போட்டா இட்லிக்குத் தொட்டுக்கோங்க, செட்டுக்கு வேண்டாம். காரச் சட்னிக்கு வரமிளகா பத்து, வெந்நியில இருபது நிமிஷம் ஊறட்டும், பூண்டு பத்துப் பல்லு, உப்பு, துளி புளி. நெறம் வேணும், காரம் கம்மியா வேணும்னா பாதி காஷ்மீரி மிளகா. ரெண்டு சட்னிக்கும் ஒரே சோதனை: ஸ்பூன்ல எடுத்துக் கவுத்தா உடனே விழக்கூடாது.

நம்மூர் ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சுது, சந்தோஷம். அதுக்காக ஜவ்வரிசி வடாத்துல செட் போட்டு ரீல்ஸ் விடறாங்க பாருங்க, அது வேண்டாங்க. பொரிஞ்ச வடாம் உள்ள முழுக்கக் காத்து. சட்னி பட்டதும் சுருண்டு படுத்துரும்.

ஏற்காடு போறவங்களுக்கு ஒண்ணு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறறதுக்கு முன்னாடி நொறுக்கல் சாப்பிடாதீங்க, மேல வந்து சாப்பிடுங்க. ஆனா மேல மூடுபனி எறங்கற நேரத்துல பாக்கெட்டைப் பிரிச்சு வைக்காதீங்க, காத்துல இருக்கற ஈரத்தை வடை இழுத்துக்கும், கொஞ்ச நேரத்துல நமநமன்னு ஆயிரும். அப்படி ஆனா தூக்கிப் போட வேண்டாம். காஞ்ச வாணலியில சின்னத் தீயில மூணு நிமிஷம் பொரட்டி, ஆற விட்டா திரும்ப மொறுமொறுன்னு வரும். எண்ணெய் ஊத்தாதீங்க. அங்க மேல எனக்கு பஜ்ஜிதான். அடுக்கி வெச்சிருக்கற பஜ்ஜி வேண்டாம், மாவுல முக்கற மிளகாயைக் காட்டி "இதைப் போடுங்கணா"ன்னு கேப்பேன், கண்ணு முன்னாடி எண்ணெயில எறங்கணும்.

இந்த ஆப் பார்சலை என்ன பண்ணப் போறேன்னு கேப்பீங்க. செட்டா இதைக் காப்பாத்த முடியாது, சட்னி பட்ட வடையை வாணலியில போட்டா கருகும். ஒடைச்சு, வீட்டுல இருக்கற ரெண்டு முறுக்கை நொறுக்கி, ஒரு கைப்பிடி பொரி, புதுசா நறுக்குன வெங்காயம் போட்டுக் கலந்தா நொறுக்கல். முறுக்கும் பொரியும் கடைசியாப் போடணும், இல்லன்னா அதுவும் ஊறிரும். ஆக 75 ரூபாய்க்கு மேல, டெலிவரி தனி, நொறுக்கலை நானே பண்ணிச் சாப்பிடறேன். கடையில நொறுக்கல் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும், உங்க ஏரியா ரேட்டைக் கமெண்ட்ல போடுங்க, ஆப்ல பேக்கிங் சார்ஜ் எவ்வளவு வாங்கறாங்கன்னும் சேத்துப் போடுங்க. வரேங்க.