ஐ.சி.எஸ். ஆசையும் ஓர் அம்மாவும்

நேயர்களுக்கு வணக்கம்.

எட்டு வயதுப் பிள்ளையிடம், "பெரியவனாகி என்ன ஆகப்போறே?" என்று கேட்டால் டாக்டர், கலெக்டர் என்று பளிச்சென்று பதில் வரும். அதில் பாதி, சாப்பாட்டு வேளையில் பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு வந்ததுதான். கேட்கிற நாமும் அந்தப் பதிலில் குளிர்ந்துபோகிறோம்!

1983இல் நோபல் பரிசு பெற்ற வானியல் விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரின் வீட்டைப் பார்ப்போம். அப்பா ரயில்வே கணக்குத் துறையில் அதிகாரி. மகன் ஐ.சி.எஸ்., அதாவது இன்றைய ஐ.ஏ.எஸ். போல வெள்ளையர் காலத்து உயர் அதிகாரி, ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. பையனுக்கோ கணிதத்தின் மேல் மோகம். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் சேரும்போது, இயற்பியல் எடு என்றார் அப்பா. சரி என்று அதிலேயே சேர்ந்துவிட்டு, கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்துகொண்டார் மகன்.

அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறு வயதில் மகனுக்கு வீட்டிலேயே ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருடைய தம்பி சி.வி. ராமனும் அண்ணன் வழியில் 1907இல் நிதித்துறை உத்தியோகத்துக்குப் போனவர்தான். 1917இல் அதை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தாவில் பேராசிரியரானார். சித்தப்பாவுக்குச் சரிப்பட்டது மகனுக்கும் சரிப்பட்டு வருமா என்ற பயம் எந்தத் தகப்பனுக்கும் வரும்.

அம்மா சீதாலட்சுமி பத்துப் பிள்ளைகளின் தாய். அந்த வீட்டு வேலைகளுக்கு நடுவே இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பிள்ளைகள் பெரிய ஆளாக வேண்டும் என்ற ஆசை அவருக்கும் குறைவில்லை. ஆனால் மகனுக்குப் பிடித்ததை அவன் படிக்கட்டும் என்று நின்றார். இரண்டு பேரும் ஒரே பேச்சாக 'ஐ.சி.எஸ்.' என்றிருந்தால் பையன் யாரிடம் போயிருப்பான்? நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அப்புறம், பிள்ளை வாயே திறப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

1930இல் கேம்பிரிட்ஜ் போக உதவித்தொகை கிடைத்தபோது அம்மா கடும் நோயில் இருந்தார். மகன் தயங்கினார், போகத்தான் வேண்டும் என்றவர் அம்மா. அடுத்த ஆண்டே அவர் காலமானார், மகன் அப்போது இங்கிலாந்தில். எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன 'வெண்குள்ளன்' விண்மீன்களின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற கணக்கை, அம்மா அனுப்பிவைத்த அந்தக் கப்பல் பயணத்தில்தான் சந்திரசேகர் போடத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 19.