கடலுக்கு அங்கிட்டுப் பிறந்தவர் இந்திய ஜனாதிபதி ஆகலாமா?

வணக்கம் மக்களே. ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊர்க் கரையில நிக்கிறேன். காத்து ஜாஸ்தி, மைக்குல இரைச்சல் வந்தா பொறுத்துக்குங்க.

"வெளிநாட்டுல பிறந்தவன் ஜனாதிபதி ஆக முடியாது"ன்னு டீக்கடையில அடிச்சுச் சொல்வாங்கல்ல? அது அமெரிக்காக்காரன் சட்டத்தை அரைகுறையாக் கேட்டுட்டுச் சொல்றது. நம்ம நாட்டுல அப்படி இல்ல.

நம்ம அரசியலமைப்புல 58வது பிரிவை எடுத்துப் பாருங்க. இந்தியக் குடிமகனா இருக்கணும், 35 வயசு முடிஞ்சிருக்கணும், மக்களவைக்கு நிக்கிற தகுதி இருக்கணும், அரசாங்கத்துல ஆதாயம் தர்ற பதவியில இருக்கக் கூடாது. அவ்வளவுதான். எங்க பிறந்தீங்கன்னு அது கேக்கவே இல்ல. பிறப்பால வந்த குடியுரிமையா, பதிவு பண்ணி வந்ததான்னும் தரம் பிரிக்கல.

இதை ஏன் மண்டபத்துல நின்னு சொல்றேன்? 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. இலங்கைத் தோட்டங்கள்ல எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாம இருந்த இந்திய வம்சாவளிக்காரங்க 9,75,000 பேர்ல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கும், 3,00,000 பேரை இலங்கை ஏத்துக்கும்னு முடிவு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974ல பாதிப் பாதியாப் பிரிச்சாங்க. அப்படி வந்தவங்க தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி, இந்த மண்டபம் முகாம் வழியாத்தான் போனாங்க. கண்டியிலயோ நுவரெலியாவிலயோ பிறந்தவங்க. ஆனா இந்தியக் குடிமக்களாப் பதிவாகி, இந்தியப் பாஸ்போர்ட்டோட வந்தவங்க. அவங்கள்ல யார் வேணும்னாலும் ஜனாதிபதி தேர்தலுக்கு மனு போடலாம், பிறந்த ஊர் தடையே இல்ல. ஒரே ஒரு வித்தியாசம்: பதிவுல பொய்த் தகவல் குடுத்து வாங்குன மாதிரி சில காரணங்கள் இருந்தா, குடியுரிமைச் சட்டம் 10வது பிரிவுல மத்திய அரசு அதைப் பறிக்கலாம். பிறப்பாலயே குடிமகனா இருக்கவருகிட்ட அந்தப் பிரிவு செல்லாது.

இப்ப இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. பின்னாடி இலங்கைப் போருக்குத் தப்பி வந்தவங்களுக்கு இதே மண்டபம் அகதி முகாம்ல பிறந்த பிள்ளைங்க இந்திய மண்ணுலதான் பிறந்தாங்க, ஆனா தேதிதான் தலையெழுத்தைத் தீர்மானிக்குது. 1987 ஜூன் 30 வரைக்கும் பிறந்திருந்தா, அப்பா அம்மா யாரா இருந்தாலும் பிறப்பால இந்தியர். அடுத்த நாள்ல இருந்து, பெத்தவங்கள்ல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். 2004 டிசம்பர் 3ல இருந்து இன்னும் இறுக்கிட்டாங்க: ரெண்டு பேரும் இந்தியரா இருக்கணும், இல்லன்னா ஒருத்தர் இந்தியரா இருந்து மத்தவர் சட்டவிரோதக் குடியேறியா இல்லாம இருக்கணும். 1986ல இந்த முகாம்ல பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் குடுக்கச் சொல்லி 2022ல மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டது இந்தத் தேதிக் கணக்கை வச்சுத்தான். கடலுக்கு அங்கிட்டுப் பிறந்தவருக்கு இருக்க வாய்ப்பு, இந்தக் கரையிலயே பிறந்த பிள்ளைக்கு இல்லாமப் போகுது. எனக்கு இது சரியாப் படல, ஆனா சட்டம் இதுதான்.

அடுத்தது கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துக்காரங்களுக்கு. துபாய்லயோ சவூதியிலயோ பிள்ளை பிறந்தா, ஒரு வருஷத்துக்குள்ள இந்தியத் தூதரகத்துல பிறப்பைப் பதிவு பண்ணிருங்க. பிள்ளைக்கு வேற நாட்டுப் பாஸ்போர்ட் இல்லன்னு எழுதியும் குடுக்கணும். ஒரு வருஷம் தாண்டிட்டா மத்திய அரசு அனுமதி வாங்கித்தான் பதியணும், அலைச்சல். பதிஞ்ச பிள்ளை வம்சாவளிக் குடிமகன், 58வது பிரிவுக்கு அது போதும். அமெரிக்கா மாதிரி நாட்டுல பிறந்து ரெண்டு குடியுரிமையும் இருக்கா? 18 முடிஞ்ச ஆறு மாசத்துக்குள்ள அந்த நாட்டுக் குடியுரிமையை விடலன்னா, இந்தியக் குடியுரிமை தானாப் போயிரும். இந்த ஆறு மாசத்தைத்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

வெளிநாட்டுக் குடியுரிமை வச்சிருக்க இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு நம்ம அரசாங்கம் குடுக்குறதுதான் ஓசிஐ அட்டை. அது வச்சிருக்கவங்களுக்கு ஓட்டும் கிடையாது, ஜனாதிபதி பதவியும் கிடையாது. குடியுரிமைச் சட்டம் 7பி பிரிவு நேரடியாவே சொல்லுது. திரும்ப இந்தியர் ஆகணும்னா, ஓசிஐயா 5 வருஷம் இருந்து, விண்ணப்பத்துக்கு முந்தின 12 மாசம் இங்க குடியிருந்து பதிவு பண்ணணும், வெளிநாட்டுக் குடியுரிமையையும் விட்டுறணும்.

அப்ப அமெரிக்காவுல என்ன? 35 வயசு, 14 வருஷம் குடியிருப்பு, அதோட "இயற்பிறப்புக் குடிமகன்"ங்கிற வார்த்தை. அதுக்கு என்ன அர்த்தம்னு அரசியலமைப்புலயே விளக்கம் இல்ல. பின்னாடி குடியுரிமை வாங்குனவரு ஆக முடியாது, அது மட்டும் உறுதி. அதனாலதான் ஆஸ்திரியாவுல பிறந்த அர்னால்ட் ஸ்வார்செனேகர் கவர்னரோட நின்னுட்டாரு. 2008ல ஜனாதிபதி வேட்பாளரா நின்ன ஜான் மெக்கெயின் 1936ல பனாமா கால்வாய் மண்டலத்துல பிறந்தவரு. அங்க பிறந்தவங்களுக்கான குடியுரிமைச் சட்டமே 1937லதான் வந்துச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டு வாதம் பண்ணாங்க. 2008ல செனட் அவருக்குத் தகுதி உண்டுன்னு தீர்மானம் போட்டுச்சு, ஆனா அது சட்டம் இல்ல. 2016ல ஜனாதிபதி வேட்பாளர் ஆக முயற்சி பண்ண டெட் குரூஸ் 1970ல கனடாவுல பிறந்தவரு, அம்மா அமெரிக்கர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தீர்த்து வைக்கல. கமலா ஹாரிஸ் பிறந்தது கலிபோர்னியாவுல, அதனால அம்மா சென்னைக்காரங்கங்கிறது தடையே ஆகாது.

எதிர்க்கரையில வேற மாதிரி. இலங்கையில சிக்கல் பிறந்த ஊர் இல்ல, இரட்டைக் குடியுரிமை வச்சுக்கிட்டு தேர்தல்ல நிக்கிறது. 2015ல 19வது திருத்தம் தடுத்துச்சு, 2020ல 20வது திருத்தம் திறந்து விட்டுச்சு, 2022ல 21வது திருத்தம் திரும்ப மூடிருச்சு. கோட்டாபய ராஜபக்ச 2019 ஜனாதிபதி தேர்தல்ல நிக்கிறதுக்கு முன்னாடி அமெரிக்கக் குடியுரிமையை விட்டதுக்குக் காரணம் அந்த 19வது திருத்தம்தான்.

கடைசியா, தகுதி இருக்குன்னு நேரா டெல்லிக்கு டிக்கெட் போட்டுறாதீங்க. முன்மொழிய 50 பேர், வழிமொழிய 50 பேர் வேணும், அத்தனை பேரும் அந்தத் தேர்தல்ல ஓட்டுப் போடுற எம்பி, எம்எல்ஏவா இருக்கணும். டெபாசிட் 15,000 ரூபாய். மனுவோட, ஏதாவது ஒரு மக்களவைத் தொகுதி வாக்காளர் பட்டியல்ல உங்க பேர் இருக்க பக்கத்தோட சான்றிட்ட நகல் வைக்கணும். வெளிநாட்டுல இருக்க இந்தியப் பாஸ்போர்ட்காரங்க படிவம் 6ஏ போட்டு ராமநாதபுரம் தொகுதியில பேர் சேர்க்கலாம். சும்மா ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போனா செல்லாது, சான்றிட்ட நகல்தான் வேணும். காலையில 11 மணியில இருந்து மத்தியானம் 3 மணி வரைக்கும்தான் மனு வாங்குவாங்க.