தின்கிற பொருளா பூ?

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், விடியுமுன் மொட்டுப் பறித்துக் கூடையை மண்டிக்கு அனுப்பிவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்தை அடுத்துள்ள எங்கள் நிலத்தில் நிற்பது குண்டுமல்லி. பல ஆண்டுகளுக்கு முன் மொட்டுப்புழு விழுந்து மொட்டெல்லாம் ஊதா நிறம் கண்டபோது, மருந்துக்கடைக்காரர் ஒருவர் மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொன்னார். இவ்வளவு வீரியம் வேண்டுமா என்று நான் தயங்கியதற்கு, "பூதானே, யார் தின்னப்போகிறார்கள்?" என்றார். அடித்தேன். மறுநாள், மண்டிக்குப் போனது போக மீந்த மொட்டை வாசற்படியில் உட்கார்ந்து தொடுத்துக்கொண்டிருந்த என் தாயார், முழம் முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அன்றுவரை ஆயிரம் முறை பார்த்திருந்த அந்தச் செயலை அன்றைக்குத்தான் கண்டேன் என்று சொல்ல வேண்டும்.

பூ தின்கிற பொருள் அன்று என்னும் எண்ணமே மலர்ச் சாகுபடியில் நாம் செய்யும் பெரும்பாலான தவறுகளுக்கு வேராக இருக்கிறது என்பது என் கருத்து. தக்காளிக்கு மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் அதே உழவர், முகூர்த்த நாள் நெருங்கினால் மாலையில் அடித்துவிட்டு விடியலில் பறிக்கிறார். அந்த ஈரம் முதலில் படுவது பறிக்கும் பெண்களின் விரலில்.

மண்ணை எடுத்துக்கொள்வோம். தக்காளிபோல் மல்லிகை பருவத்துக்குப் பருவம் பிடுங்கப்படுவதில்லை. நட்டால் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் அதே குழியில் நிற்கும். செடிக்குச் செடி ஒன்றேகால் மீட்டர் விட்டு நடும்போது, இடையே கிடக்கும் வெறும் செம்மண்ணை நாம் சுத்தமாகக் கொத்தி, களைக்கொல்லி தெளித்து, வெயிலுக்குக் காட்டிக் காயவிடுகிறோம். அந்த இடைவெளிதான் மண்ணை மீட்பதற்கான இடம். சணப்பை, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப் பயிர்களை விதைத்துப் பூக்கும் முன் அறுத்து, அங்கேயே மண்ணை மூடும் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், மண்புழு வரும். மொட்டைக் கெடுக்கும் ஈயின் புழு கீழே விழுந்து மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே மொட்டின் மேல் அடிக்கும் மருந்து பாதி வேலைதான். உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கி அழிப்பதும் வேப்பம்பிண்ணாக்கு இடுவதும் மீதி வேலை.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. மல்லிகையை நாம் விரியுமுன்னே பறித்துவிடுவதால், ஊரெல்லாம் மணக்கும் அந்தத் தோட்டத்தில் தேனீக்கோ, புழுவைத் தின்னும் குளவிக்கோ ஒரு சொட்டுத் தேன்கூட மிஞ்சுவதில்லை. வரப்பில் துளசியும் எள்ளும் செண்டுமல்லியும் பூத்து நின்றால்தான் நமக்கு உதவும் பூச்சிகள் தங்கும். செண்டுமல்லியின் வேர், மண்ணில் இருந்து பயிரின் வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும் பொருளைச் சுரக்கிறது. சம்பங்கி போடுபவர்கள் அதற்கு முன் ஒரு பருவம் செண்டுமல்லி போட்டுப் பார்க்கலாம். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளிக்காரர்களுக்கும் அது ஆகும்: பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டால் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி முட்டையிட அந்தப் பூவைத் தேடிப் போகும்.

ஓசூர், தளி, பாகலூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜாவைப் பற்றி விரிவாகப் பேச எனக்குத் தகுதி போதாது; காதலர் தினமான பிப்ரவரி 14-க்காக ஓடும் அந்த ஓட்டம் வேறு உலகம். ஆனால் கூரை பற்றி ஒன்று சொல்வேன். நம் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு ஏக்கர் கூரையின் மேல் விழும் நீர் மட்டும் 30 லட்சம் லிட்டருக்கு மேல். அதைக் குட்டையில் பிடிக்காமல் பக்கத்து நிலத்தை அரிக்கவிட்டு, ஆழ்துளைக் கிணற்றை இன்னும் இறக்குகிறோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் குடிப்பதற்கென்றே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இதில் நட்டமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கடை மருந்தை விட்டு இந்த முறைக்கு மாறிய முதல் ஆண்டு எனக்கு மொட்டு குறைந்தது. மண்டியில் என் பூவையும் பக்கத்துத் தோட்டத்துப் பூவையும் ஒரே தராசில்தான் கொட்டினார்கள், ஒரே விலைதான் போட்டார்கள். மருந்துச் செலவு இறங்கியதை வைத்துத்தான் அந்த ஆண்டைத் தள்ளினேன். கவனித்து வருவேன், மொட்டில் ஊதா கண்ட பாத்திக்கு மட்டும் பத்து லிட்டருக்கு அரைக்கிலோ வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த கரைசலை மாலையில் அடிப்பேன்.

நவம்பர் கடைசியில் கவாத்து வருகிறது. வெட்டிய கிளைகளை வரப்போரம் குவித்துத் தீ வைப்பதே நம் வழக்கம். இந்த முறை தீப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, நோய் கண்ட கிளைகளை மட்டும் விலக்கி, மற்றவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி வரிசைகளுக்கு இடையே பரப்பி, மேலே கொஞ்சம் சாணக் கரைசல் தெளித்து விடுங்கள். பங்குனியில் மொட்டு வைக்கும்போது எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள். அந்தக் குப்பையைக் கையால் விலக்கிப் பார்க்கலாம்.