மைதானத்துக் கதவைத் திறந்து விடுங்கள்
(பள்ளி விளையாட்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை தாங்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, அன்போடு வரவேற்ற தலைமையாசிரியை அவர்களே, ஆண்டுதோறும் பரிசுக் கோப்பை வாங்கித் தரும் வணிகர் சங்கப் பெரியவர்களே, காலையிலிருந்து வெயிலில் நின்று சுண்ணாம்புக் கோடு போட்ட உடற்கல்வி ஆசிரியர் அவர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கும் என் நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். உடற்பயிற்சி, எல்லாருக்குமான விளையாட்டு, பெண்களின் பங்கு.

முதலாவது உங்களுக்குத் தெரிந்ததுதான். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது, பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020-இல் வந்த அதன் வழிகாட்டுதல் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தே பேசுகிறது.

சரி, இரண்டாவதற்கு வருகிறேன். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். விளையாட்டில் மட்டும் நன்றாக ஓடுகிற பத்துப் பேரிடம் வடத்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஓரமாக நிற்கிறோம்.

எங்கள் தெருப் பொங்கல் விழாவில் பானை உடைக்கும் போட்டி நடக்கும். தெருமுனையில் ஊதுபத்தி விற்கும் அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வருஷா வருஷம் அவரை மேடையில் உட்கார வைத்து மாலை போடுவார்கள். ஒரு வருஷம் அவரே எழுந்து, "எனக்கும் ஒரு கம்பு கொடுங்க" என்றார். விழாக் குழுவில் ஒரே சலசலப்பு. துணியை வைத்திருந்த தம்பி, "அண்ணே, உங்களுக்கும் கண்ணைக் கட்டணுமா?" என்று தயங்கினான். "எல்லாருக்கும் கட்டுற மாதிரி கட்டுப்பா. அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதுல்ல!" என்றார். கட்டி, மூன்று சுற்றுச் சுற்றி விட்டார்கள். அவருக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் கூட்டம் கத்திய பக்கம் போய் ஏமாந்தவர்கள். இவர் அசையவில்லை. மேலே கப்பியில் கயிறு உரசும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து நின்றார். நிதானமாக நாலு எட்டு. ஓங்கி ஒரே அடி! மஞ்சள் தண்ணீர் தலையோடு கொட்டியது. தெருவே விசிலடித்தது. "புதுச் சட்டை, புதுச் சட்டை" என்று கத்திக்கொண்டே அழுதார் அவர் மனைவி.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. அவரை உயரம் தாண்ட வைத்தவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். எல்லாம் பள்ளி மைதானத்தில் தொடங்கியது.

அதனால்தான் ஏறுகிற மேடையிலெல்லாம் இதைக் கேட்கிறேன். பள்ளி மைதானத்தை மாலையில் இரண்டு மணி நேரம் ஊருக்குத் திறந்து விடுங்கள். பொருள் காணாமல் போகும், பாட்டில் உடையும் என்ற பயம் நியாயமானதுதான். ஒரு காவலாளி போடுங்கள், விளக்குப் போடுங்கள். வாசல் படியை உடைத்து, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டுங்கள். விளையாட்டு வசதிகளை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப மாற்றியமைப்பது அரசின் கடமை என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவே சொல்கிறது. ஊர் கூடித் தேர் இழுக்கத் தயார், கதவுதான் பூட்டியிருக்கிறது.

பெண்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. விளக்கில்லாத மைதானத்துக்கு எந்தத் தாய் மகளை அனுப்புவாள் என்பதை மட்டும் யோசியுங்கள்.

நகர்மன்றத் தலைவரிடம் கொடுக்க ஒரு மனு எழுதி, ஒலிபெருக்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். பரிசளிப்பு முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் இருக்கிறது. நன்றி, வணக்கம்.